வேஃபர் பேப்பரில் ரோஜா: ஆவி எவ்வளவு, பசை எவ்வளவு

வேஃபர் பேப்பர் என்பது உருளைக்கிழங்கு மாவுச்சத்து, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் செய்த, உண்ணத்தகுந்த தாள். கேக்கை அலங்கரிக்கும் ரோஜாவை இதில் செய்யலாம். காய்ந்தபடி மடித்தால் உடையும், லேசாக ஈரம் பட்டால் வளையும், ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் ஓட்டை விழும். ரோஜாவுக்குச் சுமார் 0.3 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தாள் நல்லது. ஒரு ஏ4 தாளில் நடுத்தரப் பூ ஒன்று வரும்.

இதழ்களைத் துளி வடிவில் வெட்டுங்கள்: 3 செ.மீ. உயரத்தில் 5, 4 செ.மீ.யில் 5, 5 செ.மீ.யில் 7. நடு மொட்டுக்கு 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை. தாள் காய்ந்திருக்கும்போதே உண்ணத்தகுந்த வண்ணப் பொடியை உலர்ந்த பிரஷால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தடவிவிடுங்கள். ஈரமான இதழில் பொடி திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும்.

அடுத்தது ஆவி. பூ தேறுவதும் கெடுவதும் இங்கேதான். கொதிக்கும் கெட்டிலுக்கு ஒரு சாண் மேலே இதழை இடுக்கியால் பிடித்து, இரண்டு மூன்று வினாடி காட்டுங்கள். விறைப்பு தளர்ந்து நுனி லேசாகத் தொங்கினால் போதும், எடுத்துவிடுங்கள். பளபளத்து விரலில் ஒட்டினால் ஆவி கூடிவிட்டது. அந்த இதழ் காயும்போது சுருங்கிக் கோணிக்கொள்ளும். சரியான பதத்தில் மேல் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியில் வெளிப்புறமாகச் சுருட்டி, அடிப்பாகத்தை விரலால் குழியாக்குங்கள். கையில் வியர்வை இருந்தால் சோளமாவு தொட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு இதழாக ஆவி காட்டுங்கள்; மொத்தமாகக் காட்டி வைத்தால் கடைசி இதழ் வளைக்கும் முன்பே விறைத்திருக்கும்.

பசைக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளே போதும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்தால் கூழாகும். பைப்பிங் ஜெல்லும் (கேக் அலங்காரத்துக்கான இனிப்பு ஜெல்) சரி. பட்டையை ஆவியில் காட்டிச் சுருட்டி மொட்டாக்கி, சிறிய இதழ்களிலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் பாதி மற்றொன்று ஏறும்படி ஒட்டுங்கள். பசை இதழின் அடியில், சொரசொரப்பான பக்கத்தில், பொட்டளவு. வெளி வரிசைக்கு முன் அரை மணி நேரம் காயவிடுங்கள், இல்லையென்றால் கனம் தாங்காமல் பூ சரியும்.

ஃப்ரெஷ் க்ரீம் மேல் நேராக வைத்தால் பூ அடியிலிருந்து குழையும். அடிப்பாகத்தில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட் பூசி, இறுகியதும் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கில் நீர் வியர்க்கும். அலங்காரம் பரிமாறுவதற்குச் சற்று முன்பு ஏறட்டும். முன்கூட்டியே செய்த பூவை ஈரம் புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம்.