அணை உரிமம் புதுப்பிக்கும்போது எப்போது எழுதுவது, என்ன எழுதுவது?

அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் குடியிருக்கிறீர்கள், மேலே ஒரு நீர்மின் அணை, அதன் உரிமம் இன்னும் ஐந்தாறு வருடத்தில் முடியப்போகிறது என்று காதில் விழுகிறது. பலரும் என்ன செய்கிறார்கள் என்றால், கடைசியில் சுற்றுச்சூழல் அறிக்கை வரும்வரை சும்மா இருந்துவிட்டு "மீன்களைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு பத்தி எழுதி அனுப்புகிறார்கள். நானும் முதல்முறை அதைத்தான் செய்தேன். பந்தி முடிந்த பிறகு இலை போட்டு உட்கார்ந்த மாதிரிதான் ஆனது. புது உரிமம் 30 முதல் 50 வருடம் வரை ஓடும் என்பதால், அடுத்த பந்திக்கு நாம் இருப்போமா என்பதே சந்தேகம்.

படி 1: அணை யாருடையது?

ஹூவர், கிராண்ட் கூலி மாதிரி மத்திய அரசே நடத்தும் அணைகளுக்கு இந்த உரிமம் கிடையாது. தனியார் நிறுவனம், நகராட்சி போன்றவர்கள் நடத்தும் அணை என்றால் பெரும்பாலும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம்தான் (எல்லோரும் ஃபெர்க் என்பார்கள்) உரிமம் தரும்.

படி 2: எண்ணைப் பிடியுங்கள்

ஒவ்வொரு திட்டத்துக்கும் 'பி' (P) என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. கிளாமத் ஆற்று அணைகளுக்கு பி-2082 என்று இருந்தது. ஃபெர்க் தளத்தின் இ-லைப்ரரியில் அந்த எண்ணைப் போட்டால் பல வருடக் காகிதங்கள் வந்து கொட்டும், பயப்படாதீர்கள். இ-சப்ஸ்கிரிப்ஷனில் பதிவுசெய்துவிட்டால் புதிதாக எது தாக்கலானாலும் மின்னஞ்சல் வந்துவிடும், காசு கிடையாது. உரிமம் முடிய ஐந்து முதல் ஐந்தரை வருடம் இருக்கும்போது உரிமதாரர் இரண்டு ஆவணம் போடுவார்: புதுப்பிக்கும் எண்ணத்தைச் சொல்லும் அறிவிப்பு, அணையைப் பற்றி இதுவரை தெரிந்ததைத் தொகுத்த முன்விண்ணப்ப ஆவணம். இரண்டாவதை முழுக்கப் படியுங்கள். அதில் என்ன இல்லை என்று பார்ப்பதுதான் முக்கியம்.

படி 3: ஆய்வு கேளுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான வழிமுறையில், அந்த முன்விண்ணப்ப ஆவணம் பற்றி ஃபெர்க் அறிவிப்பு வெளியிட்டதும் 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் "இன்னதை ஆய்வு செய்யுங்கள்" என்று கேட்கலாம். இப்போது ஆய்வாகாத விஷயத்துக்குப் பிற்பாடு வரும் சுற்றுச்சூழல் அறிக்கையில் அளந்த எண்ணே இருக்காது, எண் இல்லாத கவலையை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் சும்மா கேட்டால் எடுபடாது, விதியில் ஏழு அளவுகோல் இருக்கின்றன. நோக்கம் என்ன, பொதுநலன் என்ன, ஏற்கெனவே உள்ள தகவல் ஏன் போதாது, என்ன முறை, எவ்வளவு செலவும் உழைப்பும் ஆகும் என்றெல்லாம் போகும். பலர் சறுக்குவது ஒன்றில்: அணையின் இயக்கத்துக்கும் நீங்கள் சொல்லும் பாதிப்புக்கும் என்ன தொடர்பு, ஆய்வின் முடிவு உரிம நிபந்தனையை எப்படி மாற்றும்?

ஓர் உதாரணம். மின்சாரத் தேவை ஏறும் மாலையில் டர்பைனைத் திறக்கிறார்கள், ஆறு பெருகுகிறது. இரவில் மூடுகிறார்கள், தண்ணீர் மளமளவென்று இறங்க, கரையோரக் கூழாங்கல் குழிகளில் மீன்குஞ்சுகள் மாட்டிக்கொண்டு காலைக்குள் செத்துக் கிடக்கின்றன. "மீன்கள் சாகின்றன, ஆய்வு செய்யுங்கள்" என்று எழுதினால் பத்தாது. இப்படி எழுதுங்கள்: "அணைக்குக் கீழே இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை, டர்பைனை மூடும்போது நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது, எந்த வேகத்தில் இறங்கினால் குஞ்சுகள் மாட்டுகின்றன என்று அளக்க வேண்டும், அதைக் கொண்டு உரிமத்தில் இறங்கு வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம்." தேதி போட்ட புகைப்படம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

படி 4: ஆய்வு நடக்கும் காலம்

ஒன்றிரண்டு பருவம் ஓடும். முடிவுகளைப் பகிரும் கூட்டத்துக்கு மட்டும் போய்விடுங்கள்.

படி 5: தரப்பினர் ஆகுங்கள்

உரிமம் முடிய இரண்டு வருடத்துக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வுக்கு அது தயார் என்று ஃபெர்க் அறிவித்ததும் இன்னொரு 60 நாள் கடிகாரம் ஓடும். அதற்குள் தலையீட்டு மனு போடுங்கள், போட்டால்தான் இந்த உரிம நடவடிக்கையில் நீங்களும் ஒரு தரப்பு. கருத்து எழுதுவது வேறு, மனு போடுவது வேறு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம், மாநிலத்தின் நீர்த்தரத் துறைக்கும் தனியாக எழுதுங்கள். தூய நீர்ச் சட்டத்தின் 401-வது பிரிவின்படி மாநிலம் சான்றிதழ் தர மறுத்தால் ஃபெர்க் உரிமம் தர முடியாது. தந்தால், அதிலுள்ள நிபந்தனைகள் அப்படியே உரிமத்தில் ஏறும். மாநிலத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடம்தான் அவகாசம்.

படி 6: அறிக்கையைப் படிப்பது

சுற்றுச்சூழல் அறிக்கையில் ஒப்பீட்டுக்கு ஃபெர்க் எடுப்பது அணை இல்லாத ஆற்றை அல்ல, இன்று அணையோடு ஓடும் ஆற்றை. அதனால்தான் பல அறிக்கைகளில் "பாதிப்பு சிறிது" என்று வருகிறது. அதற்காக அணை எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணைக்கு 1997-இல் ஃபெர்க் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மீன்கள் அணையைத் தாண்டிப் போக வழி கட்டுவதைவிட அணையை எடுப்பதே மலிவு என்று கணக்கு வந்தது, 1999-இல் அணையை உடைத்து எடுத்தார்கள்.

இறுதி ஆணை பிடிக்கவில்லையா? மறுபரிசீலனை கேட்க 30 நாள். படி 5-இல் மனு போட்டுத் தரப்பினர் ஆனவர்கள் மட்டுமே கேட்க முடியும்.