வளரும் கூடைப்பந்து வீராங்கனையைத் தேர்ந்தெடுக்கையில் நேரும் தவறுகள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியர் ஆடும் மைதானத்துக்குத் திறமை தேடி வருபவரின் கண் முதலில் உயரத்தின் மீதே விழுகிறது. வளையம் 10 அடி உயரத்தில் இருக்கும் ஆட்டத்தில் அது இயல்புதான். ஆனால் பெண் குழந்தைகளின் வளர்ச்சி வேகம் பொதுவாக 12 வயதையொட்டி உச்சத்தைத் தொட்டு, பூப்பெய்திய பின் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. அதனால் இன்று அணியிலேயே நெடியவளாக நிற்கும் சிறுமி 16 வயதில் நடுத்தர உயரத்தில் நின்றுவிடலாம். வரிசையின் கடைசியில் நிற்பவள் அவளைத் தாண்டிப் போகலாம். பெற்றோரின் உயரத்தைக் கேட்டறிவதும், ஆறு மாத இடைவெளியில் மீண்டும் அளந்து பார்ப்பதும், ஒரே நாள் அளவீட்டை நம்புவதைவிடப் பயன் தரும். பிறந்த மாதத்தையும் பார்க்க வேண்டும். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவளுக்கும் டிசம்பரில் பிறந்தவளுக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கிறது என்பதைத் தேர்வாளர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஸ்கோர் ஷீட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. இந்த வயது ஆட்டங்களில் வேகமாக ஓடும் ஒருத்தி எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, யாரும் துரத்தி வராத நிலையில் லே-அப் (வளையத்தை நெருங்கி ஓடி, அருகிலிருந்தே பந்தைப் போடுவது) போட்டே இருபது புள்ளிகள் சேர்த்துவிட முடியும். எதிரணிச் சிறுமியர் நெருக்கடியில் பந்தைத் தரையில் தட்டியபடியே கொண்டுசெல்லக் (டிரிப்ளிங்) கற்றுக்கொண்ட பிறகு அந்தப் புள்ளிகள் வற்றிப்போகும். ஆகவே பந்து கையில் இல்லாதபோது அவள் என்ன செய்கிறாள் என்பதையே நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். பந்து வந்து சேர்வதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறாளா? தன் பாஸ் பறிபோனதும் தலையில் கை வைத்து நிற்கிறாளா, அல்லது அடுத்த நொடியே திரும்பி ஓடி, எதிராளிக்கும் வளையத்துக்கும் நடுவே வந்து நிற்கிறாளா? வலப்பக்கம் அடைக்கப்பட்டால் இடக்கையால் பந்தைத் தட்டத் துணிகிறாளா? இவை எதுவும் ஷீட்டில் ஏறுவதில்லை. அதனால்தான் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொள்ளக் கூடாது; அணி தோற்கும் ஆட்டம் ஒன்றையும், பயிற்சி வேளை ஒன்றையும் பார்த்தாக வேண்டும்.

உயரமானவளை உடனே வளையத்தின் கீழ் நிறுத்திவிடுவதும் நம் ஊர்களில் ஊறிப்போன வழக்கம். பந்தைக் கொண்டுசெல்லவும் தொலைவிலிருந்து எறியவும் அவளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. உயரம் நின்றுபோனால் கையில் வேறெந்தத் திறனும் இல்லாமல் தவிக்கிறாள். கூடைப்பந்து மைதானத்தில் மட்டும் தேடுவதும் அதே குறுகிய பார்வைதான். இந்தியாவுக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ் முதலில் வாலிபால் ஆடியவர். சென்னையைச் சேர்ந்த, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும் தடகளத்திலும் வாலிபாலிலும் ஆர்வம் காட்டிய பிறகே கூடைப்பந்துக்கு வந்தார்.

உடல்நிலை குறித்த தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உட்புறமாக மடிகின்றனவா என்று பார்க்க வேண்டும். முழங்கால் தசைநார் கிழிவது இந்த ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம், முறையான பயிற்சியால் அந்த ஆபத்தைக் குறைக்கவும் முடியும். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியான நான்காவது குவார்ட்டரில் சோர்ந்து நிற்பவளை ‘மன உறுதி இல்லாதவள்’ என்று ஒதுக்குவதற்கு முன், ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டின் 15–19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. எடையைப் பற்றிப் பலர் முன்னிலையில் பேசுவதை அறவே தவிர்க்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் சிறுமியர் இருக்கிறார்கள்.

தேர்வு செய்த பின் சிறுமியிடம் நேரடியாகப் பேசுவதும், அவளுடைய கைபேசிக்குச் செய்தி அனுப்புவதும் கூடாது. பள்ளி வழியாகப் பெற்றோரைச் சந்திக்க வேண்டும். உடன் ஒரு பெண் பயிற்சியாளர் இருப்பது அவசியம், மாதவிடாய் தொடர்பான கேள்விகளை அவரே தாயிடம் கேட்கட்டும். விளையாட்டு விடுதியில் சேர்ப்பதென்றால், அங்கே இரவில் பொறுப்பில் இருப்பவர் யார், பத்தாம் வகுப்புப் பாடங்களை யார் நடத்துவார்கள், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட்டத்தை விட்டுவிட நேர்ந்தால் படிப்பைத் தொடர முடியுமா என்பவற்றுக்குப் பெற்றோர் கேட்கும் முன்பே எழுத்தில் விடை தர வேண்டும்.