குறைந்த விலை மின்சாரக் கார் வரப்போகிறதா? புக் செய்யுமுன் போட வேண்டிய கணக்கு

சின்ன மின்சாரக் கார் ஒன்று வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் இரண்டு எண்கள்தான் ஊரெல்லாம் பரவும்: ஆரம்ப விலை, ஒரு சார்ஜில் ஓடும் தூரம். அவை இரண்டும் பெரும்பாலும் ஒரே வேரியன்ட்டுக்கு உரியவை அல்ல. 2022 செப்டம்பரில் டாடா டியாகோ இ.வி. வந்தபோது காதில் விழுந்தது 8.49 லட்சம், 315 கி.மீ. அந்த 8.49 லட்சம் 19.2 யூனிட் (கிலோவாட்-மணி, kWh) பேட்டரிக்கான ஷோரூம் விலை. அதுவும் முதல் 10,000 பேருக்கான அறிமுக விலை. 315 கி.மீ. 24 யூனிட் பேட்டரிக்கு உரியது, அது 9.99 லட்சத்தில் தொடங்கியது. 7.2 கிலோவாட் சார்ஜரோடு கூடிய உச்ச வேரியன்ட் 11.79 லட்சம். ஆகவே வேரியன்ட் பட்டியல் முழுதாக வரும்வரை விலையை முடிவாக எண்ண வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பேட்டரி எந்த வரியில் இருக்கிறதோ, அதுதான் உங்கள் விலை. அதன்மேல் காப்பீடும் பதிவுச் செலவும் உண்டு.

மலிவான வேரியன்ட் கடைசியில் வருவதும் உண்டு. டெஸ்லா 2016-இல் மாடல் 3-ஐ 35,000 டாலர் என்று அறிவித்தது. அந்த விலைக்கான கார் 2019-இல்தான் விற்பனைக்கு வந்தது. புக் செய்யும்போது மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: புக்கிங் பணம் முழுதாகத் திரும்புமா, புக் செய்த நாள் விலையா பில் போடும் நாள் விலையா, எந்த வேரியன்ட் முதலில் டெலிவரி.

அடுத்து தூரம். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வகச் சோதனையில் கிடைப்பது. வேகம் குறைவு, ஏ.சி. சுமை இல்லை. அந்த எண்ணை விட்டுவிட்டு பேட்டரி யூனிட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுள்ள காருக்கு நகரத்தில் யூனிட்டுக்கு 8 கி.மீ., நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் 6.5 கி.மீ. என்று வைத்தால் ஏமாற்றம் வராது. 24 யூனிட் என்றால் நகரத்தில் சுமார் 190, நெடுஞ்சாலையில் 155. வெளியூர்ப் பயணத்தில் சார்ஜை 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க மாட்டோம், வேகச் சார்ஜிங்கை 80, 90 சதவீதத்துக்கு மேல் இழுக்க மாட்டோம். அதனால் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே கைக்கு வருவது 110 முதல் 125 கி.மீ. அளவே. பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, நெடுஞ்சாலையில்தான் இதற்குச் செலவு அதிகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, பிரேக்கில் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் அங்கே குறைவு.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டம் விலையை மிகக் குறைத்துக் காட்டும். 2024-இல் எம்.ஜி. காமெட் முழு விலை 6.99 லட்சம், பேட்டரி வாடகை என்றால் 4.99 லட்சம், கூடவே கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். மிச்சமான 2 லட்சம் 80,000 கி.மீ. ஓடும்போது தீர்ந்துவிடும். மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறவருக்கு அது நாலரை வருடம். ஓட்டம் குறைவு என்று இதை எடுப்பவர்கள், குறைந்தபட்ச மாதக் கிலோமீட்டர் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது வீட்டு வயரிங்கில். 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியரை எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். கீசர் அரை மணியில் நின்றுவிடும் என்பதால் அந்த பிளக் பாயின்ட்டில் தெரியாத குறை இங்கே தெரியும்: தளர்ந்த திருகு சூடாகி சாக்கெட் உருகும். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் மின்கசிவுப் பாதுகாப்பு, நல்ல தரமான 16 ஆம்ப் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சும்மா இருக்கையில் 230 காட்டியது 215-க்குக் கீழே போனால் வயர் மெலிது அல்லது இணைப்பு தளர்வு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ குறை இருக்கலாம். அப்போது சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடக்கூடும், பழியோ காரின்மேல் விழும்.

அடுக்குமாடி என்றால் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை லைன் இழுக்கச் சங்கத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அதைப் புக்கிங்குக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.