பிடிக்காத காயைப் பழகுவது: வளர்ந்தவர்கள் செய்யும் தவறுகள்

33 வயது வரை பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் மூன்றும் எனக்கு ஆகாது. பந்தியில் கத்தரிக்காய் வந்தால் இலையின் மேல் கையை விரித்து, வேண்டாங்க என்று சொல்லிவிடுவேன். வீட்டில் சாம்பாரில் கிடக்கும் வெண்டைக்காயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பேன். குழந்தை ஒதுக்கினால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தவர் ஒதுக்கும்போது சமைத்தவரின் முகம் வாடிப்போகிறது. பல வீடுகளில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் என் மகள், அப்போது அவளுக்கு 4 வயது, என் தட்டைப் பார்த்துப் பார்த்துத் தன் தட்டின் ஓரத்திலும் வெண்டைக்காயை வரிசையாக அடுக்கினாள். அன்றைக்குத்தான் பழகிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

2 வருடம் பிடித்தது. இப்போது வெண்டைக்காயை ஆசையாகவே சாப்பிடுகிறேன். பாகற்காய் வாரம் ஒருமுறை வீட்டில் உண்டு. கத்தரிக்காயில் பாதி தூரம் வந்திருக்கிறேன். ஆனால் அந்த 2 வருடத்தில் முதல் 8 மாதம் வீணாகப் போனது. எனக்கு மன உறுதி போதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படித்தும் நாலு பேரிடம் கேட்டும் பார்த்தபோது, உறுதியெல்லாம் இருந்திருக்கிறது, போன வழிதான் தவறு என்று தெரிந்தது. அதே வழியில் இன்னும் பலர் போய்க்கொண்டிருப்பதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

மாத்திரை போல விழுங்குவது

என் முதல் தவறு இதுதான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் பாகற்காய்ப் பொரியல். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லாமல், ரசம் சாதத்தோடு சேர்த்து உள்ளே தள்ளுவேன். கடைசி வாய்க்குள் குமட்டல் வந்துவிடும். தண்ணீரைக் குடித்து முடிப்பேன். முடித்துவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும். ஆனால் வாரங்கள் போகப் போக, வியாழக்கிழமை இரவே அந்த நினைப்பு வந்து வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

சாப்பிடும்போது உடம்பு என்ன பாடுபட்டதோ, அதையும் ருசியோடு சேர்த்துத்தான் மூளை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. 1950-களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, அப்போதே கதிர்வீச்சையும் பாய்ச்சிப் பார்த்தார். வயிற்றைப் புரட்டியது கதிர்வீச்சு. ஆனால் அதன்பிறகு எலிகள் ஒதுக்கியது அந்த இனிப்புத் தண்ணீரை. மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி எடுப்பதற்கு முன்னால் சாப்பிட்ட பண்டத்தைப் பல வருடம் தொட முடியாமல் இருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இனிப்புக்கே இந்த நிலை என்றால், குமட்டக் குமட்டத் தின்ற பாகற்காயைச் சொல்லவே வேண்டாம். வாரம் தவறாமல் நான் வெறுப்புக்குத்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் கட்டாயப்படுத்தி ஊட்டப்பட்ட உணவும் இப்படித்தான் மனதில் தங்கிவிடுகிறது. நான் படித்த காலத்து விடுதியில் தட்டு காலியாகும்வரை எழ விடமாட்டார்கள். ஆறிப்போன கத்தரிக்காய்க் கூட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த மதியங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. வளர்ந்த பிறகு அதே கட்டாயத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டாம்.

சுண்டைக்காய் அளவு ஒரே ஒரு துண்டு போதும். அதை நன்றாக மெல்லுங்கள். மெல்லும்போதுதான் வாசனை வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது, ருசியில் பெரும்பங்கு அந்த வாசனைதான். மூக்கைப் பிடித்து விழுங்கினால் காய் வயிற்றுக்குப் போகும், பழக்கம் வராது. பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடலாம். குமட்டல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

'பிடிக்காது' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுவது

எனக்கு அதிகப் பலன் கொடுத்தது இந்தத் தவறைத் திருத்திக்கொண்டதுதான். ஒரு காய் பிடிக்கவில்லை என்றால் அதில் எது பிடிக்கவில்லை? கசப்பா, வாயில் படும் விதமா, வாசனையா, நாக்கு அரிக்கிறதா, அல்லது அந்தக் காயோடு ஒட்டிக்கொண்ட ஒரு பழைய நினைவா? எல்லாவற்றையும் 'பிடிக்காது' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், எந்த முடிச்சை அவிழ்ப்பது என்று தெரியாது.

வெண்டைக்காயையே எடுத்துக்கொள்வோம். அதன் ருசியில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. வாய்க்குள் அந்தக் கொழகொழப்புதான் ஆகவில்லை. இது தெரியாமல், கொழகொழப்பு அதிகமாக வெளிவரும் சாம்பார் வெண்டைக்காயிலேயே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தேன். அந்தப் பசை தண்ணீரில் கரைந்து பெருகும். அதனால் காயை முழுசாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் நறுக்க வேண்டும். அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு, மூடி போடாமல் வதக்க வேண்டும். கிளறிக்கொண்டே இருக்கக் கூடாது. பாதி வதங்கியதும் ஒரு கரண்டி கெட்டித் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ சேர்த்தால் புளிப்பு பட்டுப் பசை அடங்கிவிடும். உப்பு கடைசியில்தான். முதல்முறை இப்படிச் செய்த அன்றே நாலு துண்டு சாப்பிட்டேன். என் 33 வருடப் பகை காயோடு இல்லை, சமைத்த விதத்தோடுதான் இருந்திருக்கிறது.

சேனை, கருணை பிடிக்காது என்பவர்களில் பலருக்கு உண்மையில் அரிப்புதான் பிரச்சினை. அந்தக் கிழங்குகளில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அது நாக்கிலும் தொண்டையிலும் குத்துகிறது. புளித்தண்ணீரில் வேகவைக்கச் சொல்லும் பாட்டிமார் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். மீன் வாடை ஆகாதவர்கள் புளிக்குழம்பிலிருந்தோ எலுமிச்சை பிழிந்த வறுவலிலிருந்தோ தொடங்கலாம். வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டிவைக்கிறது.

கசப்பு கொஞ்சம் வேறு மாதிரி. கசப்பை அறிவதற்கென்றே மனித உடலில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. செடிகளில் உள்ள நஞ்சுகள் பல கசப்பானவை, அதனால் கசப்பைக் கண்டதும் துப்பச் சொல்வது உடம்பின் பழைய காவல். பச்சைக்குழந்தைகூடக் கசப்புக்கு முகம் சுளிக்கும். அந்தக் காவல் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வகத்தில் பிடிசி என்ற பொருளின் தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸின் நாக்குக்கோ ஒன்றும் தெரியவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு 2003-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே, வீட்டில் எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிடும் பாகற்காய் உங்களுக்கு மட்டும் அதிகமாகக் கசந்தால், நீங்கள் இடக்கு பண்ணுகிறீர்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் நாக்கு உண்மையைத்தான் சொல்கிறது.

கசப்பின் உச்சியில் தொடங்குவது

சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னதும் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்க ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் ஏறத் தெரியாதவர் நுனிக்கிளையிலிருந்து தொடங்குவது போன்றது இது. பெரும்பாலும் இரண்டாவது வாரம் சாறும் நின்றுவிடும், பாகற்காயும் நின்றுவிடும். அதோடு, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சாற்றில் இறங்கவே கூடாது. சர்க்கரை அளவு அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

நாம் ஃபில்டர் காபி பழகியது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். வெறும் டிகாஷன் நல்ல கசப்பு. யாரும் அதிலிருந்து தொடங்கவில்லை. நிறையப் பாலில் ரெண்டு சொட்டு டிகாஷன், நிறையச் சர்க்கரை, அப்படித்தான் முதல் டம்ளர். வருடங்கள் போகப் போக டிகாஷன் ஏறியது, சர்க்கரை இறங்கியது. இன்று அதே ஆள் ஸ்ட்ராங்காக இல்லை என்றால் காபியைத் திருப்பி அனுப்புகிறார். கசப்பைப் பழகத் தெரிந்த நாக்குதான் அது.

பாகற்காய்க்கும் நான் அப்படி ஒரு படிக்கட்டு வைத்துக்கொண்டேன். முதல் படி, மெல்லிய வட்டங்களாக நறுக்கி, விதையும் உள்ளே இருக்கும் பஞ்சும் எடுத்து, உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்து, கடலை மாவும் அரிசி மாவும் தூவி மொறுமொறுவென்று வறுத்தது. இரண்டாவது, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிட்லை. புளி, துவரம்பருப்பு, வறுத்து அரைத்த தேங்காய், ஒரு துண்டு வெல்லம் எல்லாம் சேர்ந்து கசப்பைச் சுற்றி வளைத்துவிடும். யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் தேங்காய்ப்பாலில் வைத்த பாவற்காய்க் கறி சாப்பிட்டது மூன்றாவது படி. தேங்காய் தூவிய சாதாரணப் பொரியலுக்கு அதற்கு அப்புறம்தான் வந்தேன்.

இதில் பலர் விடும் ஒரு பிழை, கசப்பை அடக்க வெல்லத்தை மட்டும் கூட்டுவது. உப்புக்கும் கசப்பை அமுக்கும் தன்மை உண்டு. 1997-இல் பிரெஸ்லின், போஷாம் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். உப்பு குறைந்த பாகற்காய்ப் பண்டம் வெல்லம் போட்டும் கசப்பதற்கு இது ஒரு காரணம். காய் வாங்கும்போதும் கவனியுங்கள். குட்டி குட்டியான மிதிபாகல் கசப்பு தூக்கலாக இருக்கும். வெளிர் நிறத்தில் நீளமாக இருப்பது பொதுவாகக் கொஞ்சம் சாது.

ரெண்டு தடவை பார்த்துவிட்டு விடுவது

ரெண்டு தடவை சாப்பிட்டேன், பிடிக்கல, விட்டுட்டேன் என்பதைத்தான் அதிகம் கேட்கிறேன். அடிக்கடி எதிர்ப்படும் ஒன்றின் மேல், வேறு காரணம் எதுவும் இல்லாமலே நமக்கு விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் எழுதினார். உணவில் இதைக் குழந்தைகளிடம் 1980-களிலிருந்து லீயன் பிர்ச் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு புது உணவு பிடிக்கத் தொடங்க, அதைப் பத்துத் தடவைக்குப் பக்கமாக ருசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வெறுப்பை வருடக்கணக்கில் வளர்த்துவைத்திருக்கும் நமக்கு அதற்கும் மேலே ஆகலாம். எனக்குப் பாகற்காயில் முதல் ஏழெட்டுத் தடவை ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒருநாள் அது வெறும் காயாக இருந்தது, அவ்வளவுதான். பிடித்தது என்று சொல்ல இன்னும் பல மாதம் ஆனது.

இடைவெளியும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, கொஞ்சமாக. சமையலறை நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன், எத்தனை தடவை ஆயிற்று என்று மனக்கணக்கில் ஏமாறாமல் இருக்க.

மிளகாய் நம் ஊருக்கு வந்ததே போர்ச்சுகீசியர் வழியாக, 16-ஆம் நூற்றாண்டில். அதன் காரம் உண்மையில் ஒரு வலி உணர்வு. அந்த வலியை ஒரு நாடே ருசியாகப் பழகிக்கொண்டது. மிளகாயின் சொந்த மண்ணான மெக்சிகோவில் பால் ரோசின் ஒரு கிராமத்தில் ஆராய்ந்தபோது, குழந்தைகளுக்கு யாரும் அதைத் திணிப்பதில்லை என்று பார்த்தார். பெரியவர்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது?

இன்னும் சில

வயிறு நிறைந்த பிறகு ஒரு வாய் பார்க்கலாம் என்று நினைப்பது தவறு. பசி ருசி அறியாது என்பார்கள். அந்தப் பசியைத்தான் நமக்கு உதவியாக வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டின் முதல் வாய் சோதனை வாயாக இருக்கட்டும். காய்ச்சல், தலைவலி, பயணம் இருக்கும் நாட்களில் முயலவே வேண்டாம்.

அரைத்து மாவில் ஒளிப்பது இன்னொன்று. தோசையில் கீரையை அரைத்துவிட்டால் சத்து உள்ளே போகும், நல்லதுதான். ஆனால் எது என்று தெரியாமல் தின்றதை நாக்கு பழகிக்கொள்ளாது. அளவு கூடிப்போனால் பிடித்த தோசையும் கெட்டுவிடும்.

நாலு பேர் பார்க்க முயல்வதும் வேண்டாம். 'இவ்வளவு பெரிய ஆளாயிட்டு இதைச் சாப்பிட மாட்டீங்களா?' என்று ஒருவர் கேட்டதுமே உடம்பு இறுகிவிடுகிறது. நான் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் சொன்னதை மறக்க மாட்டேன்: "நீங்க சாப்பிடறீங்களான்னு நான் பார்க்க மாட்டேன். சமைச்சா உங்களுக்கு ஒரு ஸ்பூன் தனியா எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்." எட்டு மாதக் கட்டாயம் செய்யாததை அந்த ஒரு ஸ்பூன் செய்தது.

எல்லா வெறுப்பையும் பழக்கத்தால் தீர்க்கலாம் என்று நினைப்பது

கத்தரிக்காய் சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, மூச்சு இறுகினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதைப் பழகிப் பார்ப்பது ஆபத்து, மருத்துவரிடம் போங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவருக்கும் அது ருசிப் பிரச்சினை இல்லை.

மொத்தமே ஏழெட்டு உணவுதான் உள்ளே போகிறது, எடை குறைகிறது, புது உணவைக் கண்டால் தொண்டை அடைக்குமோ என்று பயம், வெளியூர் போவதையே தவிர்க்கிறார் என்றால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. ஏஆர்எஃப்ஐடி என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் அது இடம்பெற்றது. அப்படிப்பட்டவரிடம் சுண்டைக்காய் அளவு துண்டை நீட்டுவது போதாது. அவருக்குச் சிகிச்சை தேவை, அது கிடைக்கவும் செய்கிறது. பிடிவாதம் என்று அவரைத் திட்டும் வீடுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கத்தரிக்காயில் நான் இப்போது கொத்சு வரை வந்திருக்கிறேன். கூட்டு இன்னும் முடியவில்லை, அந்த விடுதி மதியம் நடுவில் வந்து நிற்கிறது. அதனால் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த மாதம் பிஞ்சுக் கத்தரிக்காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ணிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். காயை நாலாகக் கீறி மசாலா அடைப்பது நான். நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டு, கறுக்காமல் பார்த்துக்கொள்வது மகளின் வேலை.