மூலம் கையில் இருக்கிறது, சமன்பாட்டை எப்படி எழுதுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளோடு சாயங்காலம் கூடுதல் கணிதம் செய்ய உட்கார்ந்தால், படிவம் 4 பிள்ளைகளில் பாதிப் பேர் திணறுவது ஒரே இடத்தில்தான். சமன்பாட்டைக் கொடுத்தால் புஞ்சாவை, அதாவது மூலத்தை (சமன்பாட்டைச் சரியாக்கும் எண்ணை, மலாயில் புஞ்சா), கண்டுபிடித்துவிடுகிறார்கள், மூலத்தைக் கொடுத்து சமன்பாட்டைக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. வந்த வழியே திரும்பி நடப்பதுதான் இது, பயப்பட ஒன்றுமில்லை.

தாளில் எக்ஸ் என்று எழுதுவதை இங்கே ப என்று வைத்துக்கொள்வோம். மூலங்கள் 2, −3, 1/2 என்று கொடுத்திருக்கிறார்கள். முதலில் ப = 2 என்று எழுதுங்கள், 2ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் ப − 2 = 0, காரணி வந்துவிட்டது. ப = −3 என்றால் ப + 3. குறி மாறும் இந்த இடத்தில்தான் மார்க் போகிறது, அதனால் தயவுசெய்து மனக்கணக்கு வேண்டாம், ஒவ்வொரு தடவையும் 'ப =' வரியை எழுதிவிட்டே நகர்த்துங்கள். பின்னம் வந்தால் அப்படியே இழுத்துக்கொண்டு போகாமல் அப்போதே தீர்த்துவிடுங்கள்: ப = 1/2 என்பது 2ப = 1, ஆக 2ப − 1.

மூன்றையும் ஒரே மூச்சில் பெருக்கக் கூடாது. (ப − 2)(ப + 3) = ப² + ப − 6. அப்புறம் இதை (2ப − 1) ஆல் பெருக்கினால்

2ப³ + ப² − 13ப + 6 = 0

மூலம் மூன்று, படியும் (ப-வின் மிகப் பெரிய அடுக்கு) மூன்று. ஒரே மூலம் இரண்டு தடவை வந்தால் காரணியும் இரண்டு தடவை வர வேண்டும்.

இந்தச் சமன்பாட்டை முழுசாக 5ஆல் பெருக்கினாலும் மூலம் மாறாது. அதனால் வரைபடம் (0, 12) வழியாகப் போகிறது என்று கேள்வியில் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், எந்த எண்ணால் பெருக்குவது என்பதை அந்தப் புள்ளிதான் சொல்லும். நம் கோவையில் ப = 0 என்றால் 6 வருகிறது, வேண்டியது 12, எல்லாவற்றையும் 2ஆல் பெருக்க வேண்டும்.

இருபடிச் சமன்பாட்டுக்குக் குறுக்கு வழி உண்டு. மூலங்களின் கூட்டுத்தொகையையும் பெருக்குத்தொகையையும் மலாயில் ஹாசில் தம்பா, ஹாசில் டாராப் என்று வகுப்பில் சொல்வார்களே, அதேதான்:

ப² − (கூட்டுத்தொகை)ப + (பெருக்குத்தொகை) = 0

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதில்தான் வரும். ப² − 5ப + 3 = 0 என்பதன் மூலங்களை வர்க்கப்படுத்தினால் கிடைப்பவை எந்தச் சமன்பாட்டின் மூலங்கள்? மூலங்களைத் தேடிப்போனால் 13இன் வர்க்கமூலம் வந்து நிற்கும், தேடவே வேண்டாம். கூட்டுத்தொகை 5, பெருக்குத்தொகை 3. வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பது கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து பெருக்குத்தொகையை இரண்டு தடவை கழித்தது, ஆக 5² − 2×3 = 19, வர்க்கங்களின் பெருக்குத்தொகை 3² = 9. விடை ப² − 19ப + 9 = 0. இவ்வளவு சுத்தமாக வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தாளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மூலத்தையாவது போட்டுப் பாருங்கள். நம் முப்படிச் சமன்பாட்டில் 2ஐப் போட்டால் 16 + 4 − 26 + 6 = 0, சரி.