சுயநீதியை அடையாளம் கண்டு கிருபைக்குள் வருவது எப்படி?

சுயநீதியை, அதாவது என் நற்செயல்களால் தேவனுக்கு முன் நான் நல்லவன் என்ற எண்ணத்தை, முதலில் உங்கள் ஜெபத்தில் தேடுங்கள். லூக்கா 18-ல் உள்ள உவமையில் வரும் பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) பொய் சொன்னதாக இயேசு சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான், தேவனுக்கு நன்றிகூடச் சொன்னான், ஆனால் அந்த நன்றிக்குள்ளேயே தூரத்தில் நின்றுகொண்டிருந்த ஆயக்காரனையும் (பாவியென்று எல்லோரும் ஒதுக்கிய வரி வசூலிப்பவனையும்) இழுத்துவிட்டான். நீங்கள் ஜெபிக்கும்போது யாருடைய முகமாவது மனதில் வந்து, "நான் அந்த அளவுக்கு மோசமில்லை" என்று ஒரு நிம்மதி வருகிறதா? அங்கே நிறுத்துங்கள்.

இன்னொரு சோதனை, கொஞ்சம் வலிக்கும். விழுந்துபோன ஒருவர் திரும்பி வந்து எல்லோரும் அவரைக் கொண்டாடும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது? லூக்கா 15-ல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த கெட்ட குமாரனின் அண்ணன் தகப்பன் வீட்டைவிட்டுப் போனதே இல்லை, ஆனாலும் தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்று கணக்குப் பார்த்தான். உழைத்ததற்குக் கூலி கேட்கிற மனசுக்குக் கிருபை, அதாவது தகுதியில்லாதவருக்குத் தேவன் இலவசமாய்க் காட்டும் தயவு, அநியாயமாகத்தான் தெரியும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே இன்னும் அதிகமாக உபவாசித்து இதைச் சரிசெய்யக் கிளம்பாதீர்கள், அது அதே நோய்தான். பாவங்களை அறிக்கையிடுகிறோம், நல்லது. ஆனால் நாம் நம்பிக்கொண்டிருக்கும் நல்ல காரியங்களை யார் ஒப்புக்கொடுக்கிறோம்? பவுல் பிலிப்பியர் 3-ல் தன் பிறப்பு, பரிசேய வைராக்கியம், நியாயப்பிரமாணத்தின்படி குற்றமில்லாத வாழ்க்கை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவுக்காக அவற்றைக் குப்பை என்கிறார். நீங்களும் ஊழியம், காணிக்கை, வேத அறிவு என்று எழுதிப் பாருங்கள், எதை இழந்தால் தேவன் உங்களை ஏற்கமாட்டார் என்று பயப்படுகிறீர்களோ, அதன்மேல்தான் சாய்ந்திருக்கிறீர்கள். அப்புறம் ஆயக்காரன் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." கூடவே சாக்கு எதுவும் வேண்டாம்.

இருதயம் மாறுவது நம் கைவேலை இல்லை. கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு நவமான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேல் 36-ல் தேவனே சொல்கிறார். அப்படியானால் சும்மா இருக்கலாமா என்றால், லூக்கா 19-ல் வரும் பணக்கார ஆயக்காரன் சகேயுவைப் பாருங்கள், "இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்" என்று இயேசு முதலில் சொன்னார், பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுப்பதும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதும் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசை மிக முக்கியம், எபேசியர் 2:8-10-லும் இதே வரிசைதான்: முதலில் கிருபை, பிறகு நற்கிரியை.

ஆகவே நீங்கள் காயப்படுத்தினவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஜெபத்தில் மனதுக்கு வந்த அந்த முகத்துக்குரியவருக்காகவும் ஜெபியுங்கள். அவரைத் திருத்தும்படி கேட்பதற்கு முன், உங்களுக்குக் கேட்ட அதே இரக்கத்தை அவருக்கும் கேளுங்கள்.