குளத்துக்கு விலை கேக்கப் போறியளோ? இதை வாசிச்சிட்டுப் போங்கோ

“உங்கட பிரதேசத்து வளம் ஒண்டின்ர பொருளாதாரப் பெறுமதியை மதிப்பிடுக” எண்டு கம்பசில புரொஜெக்ட் குடுத்திட்டாங்கள், என்ன செய்யிறது அண்ணை எண்டு ரெண்டு மூண்டு தம்பி தங்கச்சியள் கேட்டவை, அதுதான் எழுதுறன். இரணைமடு மாதிரிப் பெரிய குளத்தில துவங்காதேங்கோ, உங்கட ஊர்க் குளமே காணும்.

குளத்துத் தண்ணியில விளையிற நெல்லுக்கும் பிடிக்கிற மீனுக்கும் சந்தையில விலை இருக்கு, அது லேசு. பின்னேரம் குளக்கட்டில இருந்து காத்து வாங்கிறது, மாரியில வான் பாயிறதைப் பாக்கக் குடும்பத்தோட போறது, கனடாவில இருந்துகொண்டும் “எங்கட குளம் அங்க இருக்கோணும்” எண்டு நினைக்கிறது, இதுகளுக்கு ஆர் பில் போடுறது? கடைசியாச் சொன்னது இருத்தல் பெறுமதி, ஜோன் குருட்டில்லா எண்ட பொருளியலாளர் 1967இல அதைப் பற்றி எழுதினவர்.

முதல் படி: என்ன மாறப்போகுது எண்டு முடிவெடுங்கோ. “குளம் எவ்வளவு பெறும்?” எண்டு கேட்டா ஒருத்தருக்கும் விளங்காது. “சல்வீனியாக் களையை அள்ளி, தண்ணி திறக்கிற துருசைத் திருத்தினா” எண்டு ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கோ, அதுக்குத்தான் விலை.

ரெண்டாவது, முறை. பயணச் செலவு முறை எண்டு ஒண்டு இருக்கு, 1947இல ஹரோல்ட் ஹோட்டலிங் எண்ட பொருளியலாளர் அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குச் சொன்ன யோசனை. சனம் எவ்வளவு தூரத்தால, எவ்வளவு செலவழிச்சு வருகுது எண்டதை வச்சுப் பெறுமதியைப் பிடிக்கிறது. கோயிலுக்கு இது நல்லாத்தான் இருக்கும், ஆனா வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ரொறன்ரோவில இருந்து வாறவர் தங்கச்சியின்ர கலியாணத்தையும் பாத்திட்டுத்தான் போவார், பிளேன் ரிக்கெற் முழுக்க அம்மனுக்கோ? பிறகு ஊர்க் குளத்துக்கு வாற ஆக்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர், ஆருக்கும் பயணச் செலவில பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் இல்லாட்டி இந்தக் கணக்குப் பிடிக்கேலாது. அதால ஊர்க் குளத்துக்கு, இந்த மாற்றத்துக்கு எவ்வளவு தருவியள் எண்டு சனத்திட்ட நேராக் கேக்கிறதுதான் சரி.

மூண்டாவது படி கேள்வி கேக்கிறது, அதிலதான் நான் விழுந்தனான். முதல்தரம் வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு போய் “குளத்தைத் திருத்த எவ்வளவு காசு தருவியள்?” எண்டு கேட்டன். பாதிப்பேர் வீட்டுத்திட்டப் பதிவு எண்டு நினைச்சு ஐடென்ரிக் காட்டோட வந்திட்டினம். ஒரு அம்மம்மா பாக்கு இடிச்சுக்கொண்டு, “தம்பி, குளம் என்ன விக்கிற சாமானோ?” எண்டா. நான் சைபர் எண்டு எழுதிப்போட்டு எழும்பினன். படலையடியில வரேக்க பின்னால சத்தம் கேட்டுது, “கட்டு வேலை எண்டாச் சொல்லு, ரெண்டு நாள் மண்வெட்டியோட வாறன்.” திரும்பிப்போய் அந்தச் சைபரை வெட்டினன்.

அப்ப பாடம் என்னெண்டா, சைபர் சொல்லுற ஆளிட்ட ஏன் எண்டு கேளுங்கோ. கையில காசில்லாததோ, குளம் தேவையில்லையோ, கேள்வியே பிடிக்கேல்லையோ, மூண்டும் வேற வேற. காசுக்குப் பதிலா நெல் மூட்டையிலயோ வேலை நாளிலயோ கேக்கலாம். வேலை நாளைக் காசாக் கணக்குப் பாக்கேக்க முழுக் கூலியையும் போடாதேங்கோ, ஓய்வு நேரத்துக்குக் கூலியின்ர மூண்டில ஒரு பங்கை எடுக்கிறது வழக்கம். காசு ஆரிட்டப் போகும் எண்டதையும் சொல்லோணும், கமக்கார அமைப்புக்கு எண்டா ஓம் எண்டுற ஆள் வரி எண்டா வாயே திறக்காது.

எவ்வளவு எண்டு திறந்து கேக்காம ஒரு தொகையைச் சொல்லி ஓமோ இல்லையோ எண்டு கேளுங்கோ. 1989இல அலாஸ்காவில எக்சன் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டினாப்பிறகு இப்பிடிச் சனத்திட்ட நேராக் கேட்டு விலை பிடிக்கிற முறையை நம்பலாமோ எண்டு பெரிய சண்டை, 1993இல கென்னத் அரோ, ரொபேர்ட் சோலோ எண்ட ரெண்டு பொருளியலாளர் தலைமை தாங்கின குழு சொன்னது இதைத்தான்: நேரில போய்க் கேள், வாக்குப் போடுறமாதிரிக் கேள், இந்தக் காசைக் குடுத்தா வேற செலவுக்குக் குறையும் எண்டு ஞாபகப்படுத்து.

இனிக் கணக்கு. சும்மா உதாரணத்துக்கு வைப்பம், வீடுகளைச் சீட்டுக் குலுக்கி நாலாப் பிரிச்சு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு தொகை. 200 ரூபாய்க்கு 80 வீதம் ஓம், 500க்கு 60, 1000க்கு 30, 2000க்கு 10. அப்ப 20 வீதம் ஆக்கள் 200ஐயும் தாண்டேல்ல, அவைக்குச் சைபர் போடுங்கோ. 200க்கும் 500க்கும் இடையில நிண்டது 20 வீதம், அவைக்குக் குறைஞ்சது 200, அது 40. அடுத்த 30 வீதத்துக்கு 500, அது 150. பிறகு 20 வீதத்துக்கு 1000, அது 200. மிச்சப் 10 வீதத்துக்கு 2000, அதுவும் 200. கூட்டினா வீட்டுக்கு 590 ரூபாய். இது அடிமட்டக் கணக்கு, அதால வைவாவில கூட்டிச் சொன்னனீர் எண்டு ஒருத்தரும் பிடிக்கேலாது.

கடைசியா வீட்டு எண்ணிக்கையால பெருக்கிறது, எண்ணிக்கையை விதானையாரிட்டக் கேளுங்கோ. வெளிநாட்டில இருக்கிற ஆக்களைச் சேர்க்கிறதெண்டா வட்சப்பில அவையிட்டயும் இதே கேள்வியைக் கேட்டு வேற தாளில எழுதுங்கோ, ஊர்ச் சராசரியோட கலக்காதேங்கோ, ஒருத்தர் லண்டன் பவுண் காசில சொன்னாரெண்டா இங்க உள்ள ஐம்பது வீட்டின்ர கணக்கும் கவிண்டிடும்.